அப்பாவின் மண்ணெண்ணெய்க் கான்

இலங்கையில் திருகோணமலை, நாங்கள் திருமலை என்போம், அங்கே உப்புவெளிப் பக்கம் வளர்ந்தவன் நான். 2019 இல் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு வந்தேன். ஒரு பேஸ்மென்ட், மூன்று பேர், பகலில் தூக்கம், இரவில் வேர்ஹவுஸ் வேலை. பெட்டி அடுக்கும்போது காதில் ஹிப்ஹொப் இல்லாவிட்டால் கை ஓடாது. நானும் எழுதுவேன், பெடியள் கூடினால் பாடுவேன். எல்லாம் ‘நான் யார் தெரியுமா’ வகை, வேகமாக, சத்தமாக, ஓட்டாத காரையும் காணாத காசையும் பற்றி.

2022 மே 13 இல் அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் ‘மிஸ்டர் மொறேல் அன்ட் த பிக் ஸ்டெப்பர்ஸ்’ வந்தது. 5 வருடம் காத்திருந்த அல்பம். ஆடலாம் என்று பார்த்தால், மனுசன் தெரப்பிக்குப் போனதையும், மனசில் உள்ளதைக் காட்டாமல் இருக்க அப்பாவிடம் பழகியதையும் பாடுகிறார். முந்தியும் கனமாக எழுதியவர்தான், 2018 இல் புலிட்சர் பரிசே கிடைத்தது, ஆனால் இதில் தன்னையே கூண்டில் ஏற்றியிருந்தார். கூட இருந்த மச்சான் பாதியிலேயே “பிரசங்கம் மாதிரி இருக்கடா” என்று நிறுத்திவிட்டான். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.

ஏனென்றால் அந்த மாதம்தான் ஊரில் எரிபொருள் இல்லை. பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச எங்கள் திருமலைக் கடற்படைத் தளத்துக்கு வந்து தங்கியிருந்தார், அப்பாவின் வள்ளமோ கரையில் கிடந்தது. போன் எடுத்தால் “இங்க ஒரு பிரச்சினையும் இல்ல, நீ சாப்பிட்டியா?” என்பார். வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் வாங்க இரண்டு இரவு வரிசையில் நின்று வெறுங்கானோடு திரும்பினவர் என்று அம்மாதான் பிறகு சொன்னா. நானும் அதே ஆள்தானே. முதல் ஜனவரியில் பஸ் தரிப்பில் விரல் விறைத்து அழுததை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை.

அன்றிரவு இடைவேளையில் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன், முடிக்க நான்கு மாதம் பிடித்தது. மெதுவான பீட். கார், காசு என்று எதுகை தேடிய இடத்தில் சோளகக் காற்று, வாடைக் காற்று, வலை என்று அப்பா வாயில் புழங்கும் சொற்கள் வந்து உட்கார்ந்தன. வள்ளத்தின் நம்பரை வெள்ளைப் பெயின்டால் எழுதிய நீலக் கான்தான் முதல் வரி. பெடியளுக்குப் பிடிக்கவில்லை. சரி, பரவாயில்லை, அது அவர்களுக்கு எழுதினதில்லை.

அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கேட்டுவிட்டார் என்று தெரிந்தது, மூன்று நாள் பேச்சே இல்லை. நாலாம் நாள் அவராகவே எடுத்தார்.

“தம்பி, அந்தக் கான் நீலமில்ல, பச்சை.”

அப்புறம் அரை மணித்தியாலம், அந்த இரண்டு இரவும் நின்று நின்று முழங்கால் வீங்கினதைச் சொன்னார்.