நான்காம் வயதில் வந்த முதல் 29

25 பிப்ரவரி 2024, ஞாயிறு

வருகிற வியாழக்கிழமை மகளுக்கு நான்கு வயது நிறைகிறது. 2020 பிப்ரவரி 29 அன்று காலை 10 மணிக்குப் பிறந்தவளுக்கு, அந்தத் தேதி நாட்காட்டியில் திரும்பி வருவது இதுவே முதல் முறை. இடையில் மூன்று ஆண்டுகளும் வீட்டில் ஒரே வழக்குதான். பிப்ரவரியில் பிறந்த குழந்தைக்கு மார்ச்சில் பிறந்தநாளா என்பது என் கட்சி. 28ஆம் தேதி அவள் பிறக்கவே இல்லையே, பிறப்பதற்கு முந்தைய நாளை எப்படிப் பிறந்தநாள் என்பது என்று மனைவி கேட்பாள். சட்டங்களும் இப்படித்தான் பிரிந்து நிற்கின்றன: லீப் ஆண்டு அல்லாதபோது ஹாங்காங்கில் மார்ச் 1, தைவானில் பிப்ரவரி 28. 2021இலும் 2022இலும் என் பேச்சு எடுபட்டது. 2023இல் மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. மார்ச் 1 அன்றுதான் மெழுகுவத்தி ஏற்றினோம்.

28 பிப்ரவரி 2024, புதன்

குழந்தை தூங்கியபின் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். பருவங்கள் ஒரு சுற்று முடிந்து தொடங்கிய இடத்துக்கு வர 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 46 விநாடி ஏறத்தாழ ஆகிறது. அவள் பிறந்த கணத்திலிருந்து இதைக் கூட்டிக்கொண்டே போனால், முதல் ஆண்டு நிறைவு 2021 பிப்ரவரி 28 பிற்பகல் 3.49க்கும், இரண்டாவது 2022 பிப்ரவரி 28 இரவு 9.37க்கும், மூன்றாவது 2023 மார்ச் 1 அதிகாலை 3.26க்கும் விழுகின்றன. சண்டை போட்டுத் தீர்மானித்த மூன்று தேதிகளும், நாங்கள் அறியாமலேயே, சரியாக அமைந்திருக்கின்றன! அவள் மாலை ஆறரைக்குப் பிறந்திருந்தால் மூன்று ஆண்டும் மனைவியின் பக்கமே போயிருக்கும்; அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளைய நிறைவு காலை 9.15க்கு. நான்கு ஆண்டுகளில் மிஞ்சுவது 23 மணி 15 நிமிடம்தான் என்றாலும் நாம் ஒரு முழு நாளைச் சேர்த்துவிடுகிறோம். அந்த முக்கால் மணி நேரம் நூற்றாண்டுக் கணக்கில் குவிந்ததால்தான் 1582இல் அக்டோபர் 4ஐ அடுத்து நேரே 15 வந்தது. 400ஆல் வகுபடாத நூற்றாண்டுகளுக்கு 29ஆம் தேதி கிடையாது என்ற விதியும் அப்போதுதான் பிறந்தது. அந்த விதிப்படி 2100க்கு 29 இல்லை. மகளின் எண்பதாவது பிறந்தநாள் அந்த ஆண்டில்தான் வருகிறது. 2096க்குப் பிறகு அவள் 2104 வரை காத்திருக்க வேண்டும்.

29 பிப்ரவரி 2024, வியாழன்

வந்தவர்கள் எல்லோரும் “ஒரு வயசு ஆயிடுச்சா?” என்றே கேட்டார்கள். முதல் இரண்டு பேரிடம் சிரித்தவள், மூன்றாமவரிடம் நான்கு விரல்களை முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் இந்த வேடிக்கை சீக்கிரமே சலித்துவிட்டது.

அப்பா மட்டும் வேறு பேச்செடுத்தார். மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 லீப் ஆண்டு அல்ல என்பதால் அவருக்கு முதல் 29 எட்டு வயதில், 1904இல்தான் வந்தது. அதே நாளில் பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். பிரதமரான பின் 1977இல் மொரார்ஜி அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். “பிறந்த தேதி ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா?” என்றார் அப்பா.

தினசரி நாட்காட்டித் தாளை இன்று அவளே கிழித்துத் தன் பென்சில் டப்பாவில் மடித்து வைத்துக்கொண்டாள்.

11 மார்ச் 2024, திங்கள்

இணையத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். மாதத்தில் பிப்ரவரியைத் தேர்ந்தபின் தேதிப் பட்டியல் 28உடன் நின்றது. ஆண்டை முதலில் 2020 என்று மாற்றினால்தான் 29 தலைகாட்டும் என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

28 பிப்ரவரி 2025, வெள்ளி

கணக்குப்படி இன்று பிற்பகல் 3 மணி தாண்டியதும் ஐந்து வயது. மனைவி இந்த முறை வாதாடவில்லை. காலையில் 28ஆம் தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்த மகள், கீழே 1 என்று கண்டதும் “என் தேதியை யார் கிழிச்சாங்க?” என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் பென்சில் டப்பாவைத் திறந்து, சென்ற ஆண்டுத் தாளை எடுத்து, 28க்கும் 1க்கும் நடுவே செருகினாள். அண்ணன் எட்டிப் பார்த்து, “வெள்ளிக்கும் சனிக்கும் நடுவுல வியாழனா?” என்றான். அவளுக்கு இன்னும் கிழமையைப் படிக்கத் தெரியாது.