மொட்டை மாடிக்கு வந்த வாடகைதாரர்கள்

ஈரோட்டில் எங்கள் மூன்று மாடி வணிகக் கட்டடத்தை அப்பாவுக்குப் பின் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மொட்டை மாடியைச் செல்போன் டவருக்கு விட்டதுதான் நான் போட்ட முதல் பெரிய ஒப்பந்தம். 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) போக, மாதம் பிறந்தால் வாடகை கணக்கில் ஏறிவிடும். மேலே ஆளே இல்லாத வாடகைதாரர், தொந்தரவு இருக்காது என்று நினைத்தேன்.

டவரின் எடை வெறும் தளத்தில் இறங்கக் கூடாது, தூண்களின் தலையில்தான் இறங்க வேண்டும் என்று எங்கள் பொறியாளர் கண்டிப்பாகச் சொல்லி, தூண் இருக்கும் இடங்களைக் குறித்துக் கொடுத்தார். அதைச் சரியாகவே செய்தார்கள். அப்புறம் கேபிள் இழுக்க வந்தவர்கள், யாரிடமும் கேட்காமல் தட்டோட்டில் வரிசையாகத் துளை போட்டுவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழையில் மூன்றாம் மாடி தையல் கடைக்குள் தண்ணீர் இறங்கியது. "அண்ணா, எல்லாம் தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த ஊரார் துணி" என்று கடைக்காரர் நின்ற நிலை எனக்கு மறக்கவே இல்லை. துளையால் வரும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. துணிக்கும் தளத்துக்கும் நான்தான் பணம் கொடுத்தேன்.

2018 வாக்கில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மூடுவதும் இணைவதுமாக இருந்த நேரத்தில் எங்களுக்கும் வாடகை நின்றது. இரும்பு மட்டும் நின்றுகொண்டிருந்தது. நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போக அவர்களுக்கு உரிமை இருந்தது. எத்தனை நாளில் கழற்ற வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. அவர்களுடைய பொருளில் நான் கைவைக்கவும் முடியாது. பதினான்கு மாதம் அலைந்த பிறகே மாடி காலியானது. வாடகைத் தொகைக்கு மூன்று நாள் பேரம் பேசிய நான், அவர்கள் போகும் நாளைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

டவர் வைக்கிறோம், தடையில்லாச் சான்றுக்குப் பணம் கட்டுங்கள் என்று எஸ்எம்எஸ் வந்தால் உறவினர்கள் என்னைக் கேட்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அப்படி எந்தச் சான்றும் தருவதில்லை, கட்டாதீர்கள் என்பேன்.

இப்போது சோலார் நிறுவனம் ஒன்று 25 ஆண்டுக்குக் கேட்கிறது. கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி என்பதால் மாடி முழுக்கப் போய்விடும். தளத்தில் ஈரக்கசிவு வந்தால் பலகைகளைத் தூக்கி வைக்கும் செலவு அவர்களுடையது, ஒப்பந்தம் முடிந்த 30 நாளில் கழற்ற வேண்டும், அதற்கு முன்பணம் என்னிடம் இருக்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டுக்குச் சம்மதம் வந்துவிட்டது. முன்பணத்துக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.