விழுந்த சன்ஷேடை அள்ளிக் கொட்டுவதற்கு முன்

குளச்சல், முட்டம் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் சன்ஷேடு (ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் கான்கிரீட் பலகை) இடிந்து விழுந்தால், மறுநாளே துண்டுகள் டெம்போவில் ஏறிவிடுகின்றன. "பழைய கட்டடம், மழையில் ஊறிப்போச்சு" என்பதோடு பேச்சும் முடிந்துவிடும். அதே மழைதானே பக்கத்து வீட்டிலும் பெய்தது? இது மட்டும் ஏன் விழுந்தது என்பதற்குச் சாட்சி அந்தத் துண்டுகள்தான். மீதி தொங்கும் பகுதிக்கு முட்டுக் கொடுத்து, ஆட்களை விலக்கிவிட்டு, எதையும் நகர்த்துமுன் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது சுவரோரம் முறிந்த முகத்தை. சன்ஷேடு சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், பாரம் ஏறும்போது அதன் மேல்புறம்தான் இழுபடும். ஆகவே மெயின் கம்பி மேலே இருக்க வேண்டும். 75 மி.மீ. கனத்தில் 8 மி.மீ. கம்பி, மேலே 25 மி.மீ. கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்) என்றால், அடிப்பரப்பிலிருந்து கம்பியின் நடு வரை 46 மி.மீ. இந்த உயரம் குறைந்தால் வலுவும் குறையும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் கம்பியை மிதித்து 17 மி.மீ. கீழே அழுத்திவிட்டால் அது 29 மி.மீ. ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலு அன்றைக்கே போயிற்று. கம்பியைத் தூக்கி நிறுத்தும் 'சேர்' என்ற வளைத்த கம்பித் தாங்கியை அடியில் வைக்காமல் விட்டதுதான் இங்கே மூலகாரணம். இருபது வருட மழை அல்ல.

கம்பி சரியான இடத்தில் இருந்தால், துருவைப் பாருங்கள். வெர்னியர் என்ற அளவுக் கருவியில் அளக்கும்போது 8 மி.மீ. கம்பி 6 மி.மீ. ஆகியிருந்தால், இரும்பில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக மிச்சம். முறிந்த முகத்தில் ஒரு பகுதி அழுக்கும் பாசியுமாக, மற்றது புதுச் சாம்பல் நிறமாக இருந்தால், விரிசல் ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது.

அடுத்து, ஏன் துருப்பிடித்தது? ஒரு துண்டை அப்போதே உடைத்து, தூசியைத் தட்டிவிட்டு, 1 சதவீத பினால்ப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். காரத்தன்மை நன்றாக இருக்கும் இடத்தில் அது இளஞ்சிவப்பாகும். நிறமே வராத இடத்தில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு புகுந்து கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்துவிட்டது. கம்பியைச் சுற்றி நல்ல இளஞ்சிவப்பு வந்தும் கம்பி குழிகுழியாக அரித்திருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். 10 மி.மீ. ஆழத்துக்கு ஒரு மாதிரி என டிரில் தூளைத் தனித்தனிப் பையில் எடுத்து, உப்பைக் காட்டிக்கொடுக்கும் குளோரைடு சோதனைக்கு அனுப்ப வேண்டும். வெளிப்பக்கம் அதிகம், உள்ளே போகப்போகக் குறைவு என்றால் கடற்காற்று கொண்டுவந்த உப்பு. எல்லா ஆழத்திலும் ஒரே அளவு என்றால், பெரும்பாலும் மணலிலோ தண்ணீரிலோ கலந்து வந்தது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456:2000 அனுமதிப்பது ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 0.6 கிலோ குளோரைடு.

கடற்கரைச் சூழலுக்கு அதே விதி 45 மி.மீ. கவரும் எம் 30 என்ற வலுத்தரக் கான்கிரீட்டும் கேட்கிறது. 75 மி.மீ. சன்ஷேடில் 45 கவருக்கே போனால் கம்பி வேலை செய்ய இடமேது? நம் கரையோரத்தில் இந்தக் கனமே தவறு.

சன்ஷேடு மேல் ஏற்றிய ஏசி யூனிட்டையும் பூந்தொட்டிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வீட்டின் மற்ற சன்ஷேடுகளைப் பக்கவாட்டில் நின்று சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். அதே கொத்தனார், அதே மணல். பொத்தென்று சத்தம் வரும் இடத்துக்குக் கீழே இன்றைக்கே யாரும் நிற்கக்கூடாது.