கரிப்புகையோடு ப்ரொக்கன் உச்சிக்கு

தலைக்கு இரண்டு தடவை குளித்தும் கரித்தூள் முழுசாகப் போகவில்லை. சட்டையை முகர்ந்தால் இன்னும் நிலக்கரி வாசனை. அது போவதற்குள், ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் உள்ள ப்ரொக்கன் சிகரத்துக்கு நீராவி ரயிலில் ஏறிய கதையை எழுதிவிட வேண்டும்.

முதலில் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். பெர்லினிலிருந்து ஹால்பர்ஷ்டாட் வரை சிக்கலே இல்லை. அங்கே, மலை ரயில் புறப்படும் வெர்னிகெரோடேவுக்கான ரயில் ரத்து. ஸ்டேஷன் வாசலில் நின்ற டாக்ஸிக்காரர் மீட்டரைத் தொடவே இல்லை. மொத்தமாக 70 யூரோ என்றார். இருபது சொச்சம் கிலோமீட்டருக்கு! பேசிப் பேசி 65க்குக் கொண்டுவந்தேன். மலை ரயிலைத் தவறவிட மனமில்லாமல் ஏறிவிட்டேன், அவ்வளவுதான். நீங்கள் போனால் அடுத்த ரயிலுக்குக் காத்திருங்கள், இப்படிக் கொடுக்காதீர்கள்.

உச்சிக்குப் போய்வர டிக்கெட் 50 யூரோவைத் தாண்டுகிறது. ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லுபடியாகும் மாத டிக்கெட் ப்ரொக்கனுக்குச் செல்லாது. டாக்ஸி பட்ஜெட்டைக் கடித்துவிட்டதால் ஏறுவதற்கு மட்டும் எடுத்தேன். இறக்கம் நடைதான்.

இனி இன்ஜின். ஹார்ட்ஸ் மலையின் மீட்டர் கேஜ் பாதையில் பெரும்பாலும் இழுப்பது 1954 முதல் 1956 வரை பாபெல்ஸ்பெர்க் தொழிற்சாலையில் கட்டிய வகை. மொத்தம் 17. முதலில் 99 231 முதல் 99 247 வரை எண்கள். 1970இல் எண்முறை மாறியபோது நடுவில் ஒரு 7 சேர்ந்தது. என்னை இழுத்தது 99 7240. முன்னும் பின்னும் ஒவ்வொரு ஜோடி சிறு சக்கரம், நடுவில் ஒரு மீட்டர் விட்டத்தில் ஐந்து ஜோடி இயக்குச் சக்கரங்கள். எடை 60 டன்னுக்கு மேல், திறன் 700 குதிரைத்திறன், வேகமோ மணிக்கு அதிகபட்சம் 40 கிலோமீட்டர். எழுபதுகளில் இவற்றை எண்ணெயில் ஓட வைத்தார்கள். பிறகு மறுபடி கரிக்கே திரும்பிவிட்டார்கள். எவ்வளவு நல்ல காரியம்!

பெட்டிக்குள் உட்காராதீர்கள். இதை மட்டுமாவது கேளுங்கள். முதல் பெட்டியின் முன்கோடியில் கம்பி பிடித்து நிற்கத் திறந்த இடம் உண்டு. இன்ஜினுக்கும் உங்களுக்கும் நடுவே ஒன்றுமில்லை. ஷ்டைனெர்னெ ரென்னெ நிலையம் தாண்டியதும் சுமார் 70 மீட்டர் நீளத்தில் ஒரு குகைப்பாதை, இந்த ரயில் பாதை முழுவதற்கும் அது ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் புகை மொத்தமும் நம் மேல்தான். கண்ணை மூடிக்கொண்டேன், சிரிப்பை அடக்க முடியவில்லை.

ட்ரை அன்னென் ஹோனே நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். இறங்கி ஓடினேன். ஃபயர்மேன் பக்கவாட்டுத் தொட்டி மேல் ஏறி மூடியைத் திறந்து, குழாயை இழுத்துத் திருப்பி உள்ளே விட்டார். அந்த நேரத்துக்குள் டிரைவர் நீள மூக்கு எண்ணெய்க் கேனோடு ஒரு சுற்று வந்தார். ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஊற்றுவார், புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார், அடுத்ததற்குப் போவார். மாட்டைத் தடவிப் பார்ப்பது போல இருந்தது. எழுபது வருடம் ஒரு இயந்திரம் ஓடுவது இப்படிப்பட்ட கைகளால்தான்.

அங்கிருந்து 19 கிலோமீட்டர், 540 மீட்டர் உயரத்திலிருந்து 1,125க்கு. ஊட்டி ரயிலும் இதே மீட்டர் கேஜ்தான். ஆனால் அங்கே ஏற்றத்தில் பல்சக்கரம் பிடித்து இழுக்கும். இங்கே பல்தண்டவாளம் கிடையாது. 30 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தை வெறும் சக்கரப் பிடிமானத்திலேயே ஏறுகிறது. ஷீர்க்கே நிலையம் தாண்டியதும் சத்தமே மாறிவிடுகிறது, ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாக நெஞ்சில் இடிக்கிறது. இருபுறமும் பட்டை வண்டு தின்று செத்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள், சாம்பல் நிறத்தில், கிலோமீட்டர் கணக்கில். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் பாதை உச்சியை ஒன்றரைச் சுற்று சுற்றி ஏறுகிறது.

மேலே ஒரே மூடுபனி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. 1961இல் பெர்லின் சுவர் எழுந்ததோடு இந்த உச்சி பொதுமக்களுக்கு அடைபட்டது. சோவியத், கிழக்கு ஜெர்மன் ஒட்டுக்கேட்பு நிலையங்கள் இங்கே இருந்தன. பயணிகள் ரயில் மறுபடி வந்தது 1991 செப்டம்பர் 15 அன்றுதான். குளிரில் கை விறைத்தபோது பட்டாணி சூப் வாங்கினேன். கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி, மிளகுதான் போதாது. ஆனாலும் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டேன். இந்தப் பயணத்தில் மனசார கொடுத்த காசு டிக்கெட்டுக்கும் இதற்கும்தான்.

இறங்கும் தார்ச்சாலை ஓரிடத்தில் தண்டவாளத்தைக் கடக்கிறது. அங்கே விசில் கேட்டு நின்றேன். பனிக்குள்ளிருந்து முதலில் சத்தம், பிறகு மூன்று விளக்குகள், பிறகு அந்தக் கறுப்பு உடம்பு. தரை அதிர்ந்தது. ஃபயர்மேன் குனிந்து கரி அள்ளுவது அடுப்பு வெளிச்சத்தில் ஒரு நொடி தெரிந்தது. கடைசிப் பெட்டியின் திறந்த கோடியில் ஒரு சிறுமி, மூக்கெல்லாம் கரி, இரண்டு கையாலும் டாட்டா காட்டிக்கொண்டே பனிக்குள் போனாள். அடுத்த ரயிலையும் பார்த்துவிட்டுத்தான் ஷீர்க்கேவுக்கு இறங்கினேன்.