பத்து நிமிடம் நிற்கச் சொன்ன டாக்டர்

எழுந்து நின்றால் தலை சுற்றும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். எட்டு மாதமாக இதே கதை. முதலில் பார்த்த டாக்டர் ஈசிஜி எடுத்தார், நார்மல். "பரீட்சை டென்ஷன்மா, நல்லா தூங்கு" என்றார். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே பதில். கடைசியில் நான்தான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் ரூம்மேட்தான் வேறொரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன்: எப்போது சுற்றியது, நின்றேனா உட்கார்ந்தேனா, நாடித்துடிப்பு எவ்வளவு. அவர் அதைப் பொறுமையாகப் புரட்டினார். படுக்க வைத்து நாடி பார்த்தார்: 74. பிறகு சுவரில் சாயாமல் நிற்கச் சொன்னார். பத்தாவது நிமிடத்தில் 121. ரத்த அழுத்தம் மட்டும் இறங்கவில்லை.

'பாட்ஸ்' (POTS) ஆக இருக்கலாமாம்; எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்காமலே நாடித்துடிப்பு மட்டும் எகிறும் கோளாறு அது. நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு 30க்குக் குறையாமல் ஏறினால் (19 வயது வரை 40) சந்தேகப்பட வேண்டுமாம். படுத்தபடி எடுத்த ஈசிஜியில் அது எப்படித் தெரியும்? ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுத்திருக்கிறேன்.

பழைய ரிப்போர்ட்டுகளின் நகல் கேட்டபோது முதல் டாக்டரின் முகம் போன போக்கு இருக்கிறதே! சரி, விடுங்கள்.

நோட்டில் இன்றைய பக்கம்: லேபில் 20 நிமிடம் நின்றேன், நாடி 118, விழவில்லை.