எலுமிச்சைச் சாற்றில் எது ஆப்பிளைக் காக்கிறது?

நறுக்கிய ஆப்பிளில் எலுமிச்சைச் சாறு தடவினால் பழுப்பாகாது. இதை நிரூபிக்கச் சோதனை தேவையில்லை. சாற்றின் புளிப்பா, அதிலுள்ள வைட்டமின் சி-யா, அல்லது வெறும் ஈரமே போதுமா என்று கேட்டால்தான் சோதனைக்கு வேலை வருகிறது.

வெட்டும்போது செல்கள் உடைந்து, பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி காற்றிலுள்ள ஆக்ஸிஜனின் துணையோடு பழத்திலுள்ள ஃபீனால் என்ற சேர்மங்களைக் குயினோன் என்ற வேறு சேர்மங்களாக மாற்றுகிறது. அவை ஒன்றுசேர்ந்து பழுப்பு நிறமாகின்றன. கடும் அமிலத்தில் நொதி முடங்கும். வைட்டமின் சி குயினோனைப் பழையபடி ஃபீனாலாக்கும். அது தீர்ந்ததும் பழுப்பு தொடங்கிவிடும்.

நான்கு கோப்பைகள், ஒவ்வொன்றிலும் 100 மி.லி.: தண்ணீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, 5% வெள்ளை வினிகர், வைட்டமின் சி கரைசல். வினிகரில் புளிப்பு உண்டு, வைட்டமின் சி கிடையாது; அதனால்தான் அது இங்கே இருக்கிறது. கரைசலுக்கு 500 மி.கி. மாத்திரையைப் பொடித்து 1 லிட்டர் தண்ணீரில் கலக்கி, தெளிந்ததை எடுங்கள். 100 மி.லி.க்கு 50 மி.கி. என்பது ஏறக்குறைய சாற்றிலுள்ள அளவு. நுரைக்கும் மாத்திரை வேண்டாம். அதில் சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும் கலந்திருக்கும்.

தண்ணீர்க் கோப்பையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எதையும் தடவாத துண்டோடு மட்டும் ஒப்பிட்டால், முக்கி எடுத்ததன் விளைவும் சாற்றின் விளைவும் கலந்துபோகும். வெட்டுப்பரப்பில் கசிந்த சாற்றைத் தண்ணீரே கழுவிவிடுமே! ஆகவே சரியான ஒப்பீட்டுத் துண்டு தண்ணீரில் முக்கியதுதான். முக்காத துண்டும் இருக்கட்டும், தண்ணீர் என்ன செய்கிறது என்று அது காட்டும்.

ஒரே ஆப்பிளை நான்காகப் பிளந்து, நடுவை நீக்கி, ஒவ்வொரு கால் பகுதியையும் நீளவாக்கில் நான்கு கீற்றுகளாக்குங்கள். மொத்தம் 16; ஒன்று உபரி. குறுக்கே வட்டமாக நறுக்கினால் காம்புப் பக்கத் துண்டும் நடுத்துண்டும் ஒன்றுபோல் இருக்காது. எந்தக் கீற்று எதில் விழ வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்; நான்கு கோப்பைகளும் முக்காததும் சேர்த்து ஐந்து வகை, வகைக்கு மூன்று. முதலில் வெட்டியவற்றை எல்லாம் ஒரே கோப்பையில் போடுவதுதான் வழக்கமான தவறு: அவை ஏற்கெனவே அதிக நேரம் காற்றுப் பட்டவை.

கோப்பையில் போட்டவை எல்லாம் 2 நிமிடம் ஊறட்டும். எடுத்து 10 விநாடி சொட்டவிட்டு, துடைக்காமல், தோல் அடியில் படும்படி வெள்ளைத் தட்டில் வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை, 2 மணி நேரம் வரை, 15 கீற்றுகளும் ஒரே படத்தில் வருமாறு எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் கைப்பேசி நிறத்தைத் தானே திருத்திக் கொள்ளும். கீற்றுகளுக்கு எண் மட்டும் போட்டு, எது எதில் ஊறியது என்று தெரியாத ஒருவரை 0 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். எதிர்பார்ப்பு இருந்தால் கண் ஒருபக்கம் சாயும்.

வினிகர்க் கீற்றுகள் சாற்றுக் கீற்றுகளைப் போலவே வெளிறி நின்றால், புளிப்பு மட்டுமே போதும் என்று கொள்ளலாம். கரைசலில் ஊறியவையும் நின்றால் இரண்டில் எதுவும் போதும். இரண்டுமே பழுப்பாகி, சாற்றில் ஊறியவை மட்டும் நின்றால் சிட்ரிக் அமிலத்தைச் சந்தேகிக்கலாம்: இந்த நொதி இயங்கச் செம்பு வேண்டும், சிட்ரிக் அமிலமோ செம்பைப் பிணைத்துக்கொள்ளும். அப்போது சிட்ரிக் அமிலக் கரைசலோடு ஐந்தாவது கோப்பை வைக்க வேண்டியதுதான்.

மூன்று கீற்றுகளும் ஒரே பழத்தில் வந்தவை என்பதால் கிடைக்கும் விடை அந்த ஒரு பழத்துக்கானது. இன்னும் இரண்டு ஆப்பிள்களில் முழுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள்.