சோரல்: கீரையா, குதிரையா?

போன வாரம் அக்கா மகள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "சித்தி, குதிரைக்கு ஏன் கீரை பேரு வச்சிருக்காங்க?" பள்ளிக்கூடத்து ஆங்கிலக் கதையில் ஒரு சோரல் (sorrel) குதிரை வருகிறதாம், ஃபோனில் அர்த்தம் தேடினால் புளிச்சக்கீரை என்று வருகிறது. (உச்சரிப்புப்படி சாரல் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் நான் இருக்கும் பினாங்கில் பெய்கிற மழைக்கு அது மழைக் கதையாகிவிடும்.)

உண்மையில் இது இரண்டு சொல். கீரைப் பெயர் பழைய பிரெஞ்சில் புளிப்பைக் குறிக்கும் 'சுர்' என்பதிலிருந்து வந்தது, புளிப்பு என்ற பொருளுள்ள ஆங்கில 'சவர்' (sour) அதற்கு உறவுக்காரன். குதிரையின் பெயர் 'சோர்' என்ற வேறொரு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து; காய்ந்த இலை மாதிரி மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். எழுத்து ஒன்றாகிப்போனதுதான் வம்பு. நமக்கு அந்தக் குழப்பமே இல்லை, தாத்தா தோட்டத்தில் வளர்த்த மாட்டைச் செவலை என்றுதான் கூப்பிடுவார், அந்தக் குதிரையும் செவலைதான். பிடரியும் வாலும் கறுப்பாக இருந்தால் மட்டும் அது சோரல் ஆகாது.

கீரைப் பக்கம்தான் கதை நீளம். ஐரோப்பாவில் சோரல் என்றால் சூப்பு வைக்கிற ஒரு புளிப்புக் கீரை, நம் சுக்கான் கீரைக்குப் பங்காளி. ஜமைக்காவில் கேட்டால் கிறிஸ்துமஸுக்கு இஞ்சி போட்டு ஊறவைக்கும் சிவப்புப் பானத்தைக் கொடுப்பார்கள். அது இங்கே பாட்டிலில் விற்கிற ரோசெல்தான்! அந்தச் செடியின் இலையைத்தான் நாம் புளிச்சக்கீரை என்று கடைந்து சாப்பிடுகிறோம், ஆக ஃபோன் சொன்னதும் முழுப் பொய் இல்லை.

அப்புறம் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், கறிவேப்பிலைத் தொட்டியின் ஓரத்தில் தானாக முளைத்திருந்த புளியாரையைக் காட்டினேன். இதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சோரல் பட்டம் உண்டு. ஆரைக்கீரைக்கு நாலு இலை, இதற்கு மூன்று, ஒவ்வொன்றும் இதய வடிவம், சாயங்காலமானால் குடை மாதிரி மடங்கிக்கொள்ளும். முற்றிய காயை விரலால் தொட்டதும் விதை படபடவென்று தெறித்து அவள் கையில் ஒட்டியது. இரண்டு இலையைக் கிள்ளி மென்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் புளிப்புக்குக் காரணமான ஆக்சாலிக் அமிலத்துக்குப் பெயர் வந்ததே இந்தச் செடியின் ஆக்சாலிஸ் என்ற பெயரால்தான். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தள்ளியே இருங்கள்.

"இது மீன் குழம்பு மாதிரி இருக்கு சித்தி" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்: அக்கா மீன் குழம்பில் புளிக்குப் பதிலாகப் போடுகிற பிலிம்பிங் பூலோ என்ற புளிப்புக் காயும் புளியாரை குடும்பம்தான்.